கிளிக்கு ஜோசியம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளி என்றால் ஒரே ஒரு கிளிதான். உடம்பு பச்சை, மூக்கு சிவப்பு, கழுத்தில் ஒரு கோடு. இதில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆண்டாள் கையில் இருப்பதும் அதே கிளிதான். மாதுளம்பூவில் மூக்கு, இலைகளை அடுக்கி உடம்பு என்று தினம் ஒன்று புதிதாகக் கட்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதைக் கட்டுகிறவர்களில் ஒருவருக்காவது ‘இன்றைக்கு மூக்கைக் கறுப்பாக வைத்துப் பார்ப்போமே’ என்று தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

கிளியோடு எங்களுக்கு இருந்த உறவு மூன்று வகை. சாமியிடம் இருந்தால் கும்பிடுவோம். தோப்பில் இருந்தால் விரட்டுவோம். கையில் கிடைத்தால் அடைப்போம். மூன்றுக்கும் பழைய சான்று உண்டு. திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் கிளியாக வந்து அமர்ந்ததாகச் சொல்லும் கோபுரத்துக்குக் கிளிக் கோபுரம் என்றே பெயர். சங்கப் பாட்டில் குறிஞ்சி நிலத்துப் பெண்ணுக்குக் கிடைத்த உத்தியோகமே தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதுதான். தட்டை, குளிர் என்று அதற்குத் தனிக் கருவிகள் வேறு. வள்ளி அந்த டியூட்டியில் இருந்தபோதுதான் முருகன் கிழவனாக வந்து வம்பு பண்ணினான். மதுரைக் கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் கிளிகளைக் கூண்டில் வைத்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள்.

எங்களுக்குச் செண்பகத்தோப்பு போகிற வழியில் கொஞ்சம் மாமரம் இருந்தது. முழுப்பரீட்சை லீவு முழுக்க எனக்கும் சித்தப்பா பையன்களுக்கும் வள்ளி வேலை. தகர டின்னைத் தட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓட வேண்டும். கிளிகள் ஒரு மரத்திலிருந்து கிளம்பி அடுத்த மரத்தில் உட்காரும். ஒரு காயை முழுசாகத் தின்றால்கூட மனசு ஆறும். ஒரு கடி, கீழே போடு. அடுத்த காயில் ஒரு கடி, கீழே போடு. தாத்தா சாயங்காலம் வந்து கீழே கிடப்பதை எண்ணுவார். மேலே பறப்பதை ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

ஆச்சி வீட்டுத் திண்ணையில், தகரக் கூண்டில் இருந்தது கோதை. பனைமரப் பொந்திலிருந்து யாரோ எடுத்துக்கொண்டு வந்து கொடுத்த குஞ்சு. கழுத்தில் கோடு இல்லை. கோடு இல்லாதது பெட்டை, பெட்டை பேசாது என்பது தெருவின் தீர்ப்பு. ஆச்சி அப்பீல் செய்தாள். வசம்பை உரசி நாக்கில் தடவினாள். பழுத்த மிளகாயாகப் பொறுக்கிக் கொடுத்தாள். கோதை மிளகாயைத் தின்றுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் வருஷம் கோதையின் மோவாயிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பிக் கழுத்தைச் சுற்ற ஆரம்பித்தது. பின்கழுத்தில் லேசாக ரோஜா நிறம் வந்து அதோடு சேர்ந்தது. தெருவே வந்து பார்த்தது. “கோதை கழுத்துல மாலை விழுந்திருச்சு, இந்த வருஷம் வீட்டுல கல்யாணம் கூடி வரும் பாருங்க” என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ஆண் கிளிக்கு அந்த மாலை ஏற மூன்று வருஷம் வரை ஆகும், அதுவரை ஆணும் பெண்ணும் குஞ்சும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று எந்தப் பறவைப் புத்தகத்தைப் புரட்டினாலும் போட்டிருக்கும். எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் பாம்புப் பஞ்சாங்கம். ஆண் என்று தெரிந்த பிறகும் கோதை கோதையாகவே இருந்தது. ரேஷன் கார்டில் மனுஷன் பெயரைத் திருத்தவே தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். கிளிக்காக யார் நடப்பது?

தேரடிப் பக்கம் ஜோசியக் கிளி உட்காரும். அதாவது ஜோசியர் உட்காருவார். ஆனால் நாங்கள் சொல்வது அப்படித்தான். சின்ன மரக்கூண்டு, முன்னால் ஒரு துணி, துணியில் வரிசையாக 27 சீட்டு. காசை வாங்கி வைத்துவிட்டுக் கூண்டுக் கதவைத் தூக்குவார். “மீனாட்சி, வெளிய வாம்மா. தம்பி பேருக்கு ஒரு நல்ல சீட்டா எடுத்துப் போடு.” மீனாட்சி பெரிய மனுஷி மாதிரி நடந்து வரும். ஒரு சீட்டைக் கொத்தித் தள்ளும், இன்னொன்றைத் தள்ளும், மூன்றாவதை எடுத்து அவர் கையில் கொடுக்கும். கூலியாக ஒரு நெல்மணி. வாங்கிக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் போய்விடும். கதவு விழும். வள்ளி தெய்வானையோடு முருகன் வந்தால் கல்யாணம். சனீஸ்வரன் வந்தால் பரிகாரம். பரிகாரத்துக்குத் தனிக் காசு.

அந்தக் கிளி ஏன் பறந்து போகவில்லை என்பதுதான் எங்களுக்கெல்லாம் பெரிய அதிசயம். கதவு திறந்திருக்கிறது, வானம் இருக்கிறது, பக்கத்திலேயே கோபுரம் இருக்கிறது, கோபுரத்துப் பொந்தெல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ஆனாலும் விசுவாசமாக உள்ளே போகிறதே! விசுவாசத்தின் ரகசியம் இறக்கைக்கு அடியில் இருந்தது. பறக்கும் இறகுகளைக் கத்திரியால் வரிசையாக வெட்டியிருப்பார்கள். மடக்கி வைத்திருக்கும்போது வெளியே தெரியாது. ஒருநாள் அது சோம்பல் முறித்தபோது பார்த்தேன்: பாதி இறக்கைக்கு மேல் ஒன்றுமே இல்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வந்து சேர இன்னும் சில பத்தாண்டுகள் பிடித்தன. பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது இன்றைக்குக் குற்றம். 2023-இல் சென்னையில் ஒரு நகைச்சுவை நடிகர் வீட்டில் இரண்டு கிளிகளுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நேரத்தில், கடலூர்த் தொகுதியில் பாமக வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான் ஒரு கிளி ஜோசியரிடம் உட்கார்ந்தார். கிளி நல்ல சீட்டாகவே எடுத்துக் கொடுத்தது. வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். வீடியோ ஊரெல்லாம் ஓடியது. பின்னாலேயே வனத்துறை வந்து ஜோசியரையும் கிளிகளையும் கொண்டுபோனது. தேர்தலில் ஜெயித்தவர் காங்கிரஸ் வேட்பாளர். வேட்பாளருக்குச் சொன்ன பலன் பலிக்கவில்லை. கிளிக்கு மட்டும் அன்றைக்கு ஏதோ நல்ல நேரம் பிறந்திருக்கிறது.

நான் இருப்பது இப்போது ட்ருகனினாவில். மெல்பர்ன் நகரத்திலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் சமவெளியில் முளைத்த ஊர். கடப்பாரையைப் போட்டால் டங்கென்று கருங்கல். கோடையில் களிமண் வெடித்துக் கிடக்கும். குளிர்காலத்தில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். 2016 கணக்கெடுப்பில் 20,000 சொச்சம் பேர். 2021-இல் 36,000-ஐத் தாண்டிவிட்டது. ட்ருகனினி என்கிற டாஸ்மேனியப் பழங்குடிப் பெண்மணியின் பெயரிலிருந்து வந்த ஊர்ப்பெயர் என்பார்கள். 1876-இல் இறந்த அவரைப் பற்றி இங்கே யாரும் விசாரிப்பதில்லை. விசாரிப்பதெல்லாம் வில்லியம்ஸ் லேண்டிங் ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம், வீட்டுமனை எஸ்டேட்டில் அடுத்த ஸ்டேஜ் எப்போது என்பதுதான்.

எங்கள் பின்கட்டு பெரிய தோட்டம் ஒன்றும் இல்லை. மூன்று பக்கம் தகர வேலி, நடுவே புல், தொட்டியில் கறிவேப்பிலை, வேலியோரம் ஒரு பாட்டில் பிரஷ் மரம். அந்த மரத்தில் நவம்பர் வாக்கில் சிவப்புச் சிவப்பாகப் பூ வந்தால், கூடவே கிளிகளும் வரும். நீலத் தலை, பச்சை முதுகு, ஆரஞ்சு நெஞ்சு, சிவப்பு மூக்கு: ரெயின்போ லோரிகீட். கண்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிளி இனங்கள் இருக்கின்றன. வெள்ளைக்கிளி, ரோஸ் கிளி, கொண்டை வைத்த கிளி, கொண்டையை மடக்கி வைத்த கிளி. ஆண்டாள் கோயில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது.

பெரிய கிளிகளைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. எத்தனை வண்ணமாக இருந்தாலும் புத்தகத்தில் படம் இருக்கிறது. பதற்றம் தை மாதத்தில், இங்கத்திய நடுக்கோடையில், குஞ்சுகள் பொந்தை விட்டு வெளியே வரும்போது ஆரம்பிக்கிறது. எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகப் படங்கள் விழும். ‘அவசரம், எங்கள் வீட்டில் நோய்க்கிளி.’ ‘இது கலப்பு இனமா?’ ‘யாருடைய கிளியாவது தப்பி வந்துவிட்டதா?’ ஊருக்கே புதிதாக வந்தவர்கள் நாங்கள். வீட்டுக் கடனில் பாதிகூட அடைத்திருக்க மாட்டோம். அதற்குள் இங்கேயே பிறந்த கிளிக்குஞ்சிடம் அடையாள அட்டை கேட்க ஆரம்பித்துவிட்டோம்.

எனக்கு வேலை கிடைத்தது இப்படித்தான். ரிட்டயர் ஆனவன், பைனாகுலர் வைத்திருப்பவன், இரண்டு பறவைப் புத்தகம் வாங்கியவன். எல்லாச் சந்தேகமும் கடைசியில் என் வாசலுக்கு வரும். எதிர் வரிசையில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருநாள் வேலிக்கு மேலாக போனை நீட்டினார்.

“அண்ணை, உந்தக் கிளிக்கு ஏதோ வருத்தம் போல கிடக்கு. சொண்டு முழுக்கக் கரி பிடிச்சிருக்கு, பாருங்கோ.”

“வருத்தம் இல்லை, வயசு. இன்னும் சில மாசத்தில் சிவந்துவிடும்.”

“உண்மையாவோ?”

“எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.”

சொல்லி முடித்த பிறகுதான் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. தேரடி ஜோசியருடைய குரல். அன்றைக்குக் கிளி எங்களுக்குப் பலன் சொன்னது. இன்றைக்கு நான் கிளிக்குப் பலன் சொல்கிறேன். ஒரு வித்தியாசம், என் பலன்கள் பெரும்பாலும் பலிக்கின்றன. இன்னொரு வித்தியாசம், எனக்கு நெல்மணிகூடக் கிடைப்பதில்லை.

ட்ருகனினாவில் அடிக்கடி விழும் சீட்டு அந்தக் கறுப்பு மூக்குதான். லோரிகீட் குஞ்சின் மூக்கு, வெளியே வரும்போது கரும்பழுப்பு. அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆரஞ்சு ஏறும். நடுக்கட்டத்தில் பார்த்தால் தீக்குச்சியை அணைத்து வைத்த மாதிரி இருக்கும். வால் குட்டை, கண் பழுப்பு. உடம்பு வளர்ந்துவிட்டது, புத்தி வளரவில்லை. கிளையில் உட்கார்ந்து இறக்கையைப் படபடவென்று உதறி, தலையைத் தாழ்த்தி, தகப்பனையோ தாயையோ பார்த்து நச்சரிக்கும். அதுவோ பாட்டில் பிரஷ் பூவுக்குள் நாக்கை விட்டுத் தேனை வழித்துக்கொண்டிருக்கும். அந்த நாக்கின் நுனியில் மயிர்மயிராக நார் இருக்கிறது. தேனையும் மகரந்தத்தையும் ஒட்டி எடுக்க. குஞ்சு தொல்லை தாங்காமல் திரும்பி, குடித்ததைக் கக்கி ஊட்டும். குஞ்சின் மூக்குக்குப் பக்கத்திலேயே பூத்துக் கிடக்கிறது பூ. அதைத் தொடாது. பேத்தி ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, “தாத்தா, அது டீனேஜர். அவ்வளவுதான்” என்றாள். நான் ஒரு மணி நேரம் சொல்ல வேண்டியதை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அடுத்த சீட்டு, அழுக்குக் கலா. கலா என்பது நெஞ்செல்லாம் ரோஸ், முதுகெல்லாம் சாம்பல் நிறமான காக்கட்டூ வகை. வளர்ந்ததைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மாதிரி இருக்கும். குஞ்சின் ரோஸ் நெஞ்சில் சாம்பல் பூசியிருக்கும், கொண்டையும் மங்கல். பஞ்சாபிப் பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, யாரோ சாக்பீஸ் ஃபேக்டரியில் அடைத்து வைத்திருந்தார்கள் போல என்றார். பலன்: முதல் இறகு உதிர்ப்பு தாண்டட்டும், வெளுத்துச் சிவக்கும்.

மூன்றாவது சீட்டு எங்கள் பக்கத்தது இல்லை. கிழக்கே, டான்டனாங் மலையடிவாரத்தில், பொரோனியாவில் இருக்கும் என் தங்கை அனுப்பியது. “அண்ணா, பாதி பெயிண்ட் அடிச்சுட்டு ஆள் ஓடிட்டான் போல” என்று எழுதியிருந்தாள். படத்தில் ஒரு பச்சைக்கிளி. நெற்றியில் ஒரு சிவப்புத் திட்டு, தொண்டையில் ஒரு திட்டு, வாலடியில் ஒரு திட்டு, கன்னத்தில் நீலம். அது கிரிம்சன் ரோசெல்லாவின் குஞ்சு. தாயும் தகப்பனும் ரத்தச் சிவப்பு. பிள்ளை மட்டும் பச்சை. ஒன்றேகால் வருஷம் போல ஆகும், பச்சை முழுக்க உதிர்ந்து சிவப்பு நிறைய. நடுவில் எந்த மாதம் படம் எடுத்தாலும் வேறு வேறு கிளியாகத் தெரியும். வடக்கே குயின்ஸ்லாந்துப் பக்கத்து ரோசெல்லாக் குஞ்சுகள் பொந்திலிருந்தே பெரும்பாலும் சிவப்பாகக் கிளம்பிவிடும். இந்தத் தெற்கத்திப் பிள்ளைகளுக்குத்தான் பச்சைப் பருவம். தங்கையிடம் சொன்னேன்: முதல் முறையாக நம்ம ஊர்க் கிளி நிறத்தில் ஒன்று உன் வீட்டுக்கு வந்திருக்கிறது, அதையும் நோய் என்கிறாய்.

நான்காவது சீட்டை யாரும் கொண்டுவருவதில்லை, நானாகத்தான் காட்டுகிறேன். நடைபாதையோரப் புல்லில் சத்தமில்லாமல் மேயும் ரெட்-ரம்ப் கிளி. ஆண் பளிச்சென்ற பச்சை, வயிறு மஞ்சள், பறக்கும்போது மட்டும் முதுகின் அடியில் ஒரு சிவப்பு தெரியும். பெண் காய்ந்த புல்லின் நிறம். குஞ்சுகள் பெரியவற்றைவிட மங்கல். பக்கத்தில் போகிறவர்கள் சிட்டுக்குருவி என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். கூட்டமாகப் புல்விதை கிடக்கும் ஓர் இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்கு அடி அடியாக நகர்வது, களையெடுக்கிற பெண்கள் வரிசை நகர்வதை நினைவூட்டும். இந்தச் சமவெளிக்குப் பழைய குடி இதுதான். லோரிகீட் நகரத்துத் தோட்டங்களில் நாம் பூமரம் நட்ட பிறகு, கடந்த சில பத்தாண்டுகளில் மெல்பர்னில் பெருகியது. கலா உள்நாட்டு வறண்ட பூமியிலிருந்து, காடு வெட்டிக் கோதுமையும் தொட்டித் தண்ணீரும் வந்த பிறகு தெற்கே இறங்கியது. ஆனால் வாட்ஸ்அப் படங்களில் இடம்பிடிப்பது பின்னால் வந்த இரண்டும்தான். பழைய குடி படத்துக்கு ஆகாத நிறமாகப் போய்விட்டது.

இதெல்லாம் ஒருபக்கம் இருக்க, ஒருநாள் செல்லப்பிராணிக் கடையில் பேத்திக்கு மீன் வாங்கப் போன இடத்தில் கோதையைப் பார்த்தேன். பெயர்ப்பலகையில் ‘இந்தியன் ரிங்நெக்’ என்று போட்டிருந்தது. பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, வானநீலத்தில் ஒன்று. நீலக் கோதைதான் விலை அதிகம். இங்கே உள்நாட்டுக் கிளிகளுக்குத்தான் சட்டமும் லைசென்சும். எங்கள் ஊர்க் கிளி வெளிநாட்டுப் பறவை என்பதால் காசைக் கொடுத்துக் கூண்டோடு தூக்கிப் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்திருந்தால் வனத்துறை வரும். மெல்பர்னில் வைத்திருந்தால் விருந்தாளி வந்து பாராட்டுவார். வெளியே தப்பினால்தான் அதிகாரிகளுக்குக் கவலை: லண்டனில் தப்பிப் பெருகி ஆயிரக்கணக்கில் பறப்பது போல இங்கேயும் ஆகிவிட்டால் பொந்துகளுக்குப் போட்டி வந்துவிடுமே. நீலக் கிளி ஒன்றுக்குக் கழுத்தில் கோடு இல்லை. கடைப்பையனிடம் ஆணா பெண்ணா என்று கேட்டேன். “டிஎன்ஏ டெஸ்ட் பண்ணினால்தான் தெரியும்” என்றான். ஆச்சியின் தெரு இதைவிட வேகமாகத் தீர்ப்புச் சொல்லும்.

ஜோசியத்தில் எல்லாச் சீட்டும் முருகன் கல்யாணமாக வராது. சனீஸ்வரன் சீட்டும் உண்டு.

மாசி மாதத்தில் பாட்டில் பிரஷ் அடியில் ஒரு லோரிகீட் குஞ்சு ஓடியது. ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும், நடக்கவில்லை, தத்தவில்லை, பறக்கவில்லை. மூக்கு பாதி சிவந்திருந்தது, அதனால் பிறந்து சில மாதம் ஆகியிருக்கும். வாலே இல்லை. இறக்கையை விரித்தபோது தோள்பக்கம் பச்சை இறகு இருந்தது. பறக்க வேண்டிய நீள இறகுகள் இருக்க வேண்டிய இடம் காலி. ஒன்றிரண்டு முளைத்த இடத்திலேயே முறுக்கிக்கொண்டு நின்றன. தேரடியில் மீனாட்சி சோம்பல் முறித்தபோது பார்த்த அதே இறக்கை. அங்கே கத்திரி செய்ததை இங்கே ஒரு வைரஸ் செய்திருந்தது.

மூக்கு-இறகு நோய் என்பார்கள். சர்க்கோவைரஸ் வகை. 1970-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியக் காக்கட்டூக்களில்தான் முதலில் விவரித்தார்கள். 2001-இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு இதை உள்நாட்டு உயிரினங்களுக்கு ஆபத்தான காரணிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. பெரும்பாலும் இளங்கிளிகளைத்தான் பிடிக்கிறது. காக்கட்டூவாக இருந்தால் மூக்கு கோணலாக நீளும், தலை மொட்டையாகும். லோரிகீட்டாக இருந்தால் பறக்கும் இறகு உதிரும். இப்படி ஓடித் திரிகிறவைகளை இங்கே ரன்னர் என்கிறார்கள். மனிதருக்குத் தொற்றாது. கிளிக்குக் கிளி எச்சத்திலும் இறகுத் தூளிலும் பரவும். குணப்படுத்தும் மருந்து இல்லை. காட்டுயிர்களை மீட்கும் அமைப்பான வைல்ட்லைஃப் விக்டோரியாவுக்கு போன் செய்தேன். ஒரு தன்னார்வலர் பெட்டியும் துண்டுமாக வந்தார். எடுத்துப் போர்த்தினார், இறக்கையைப் பார்த்தார், “டாக்டரிடம் கொண்டுபோகிறேன்” என்று மட்டும் சொன்னார். அவர் எந்தச் சீட்டைப் பார்த்தார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

பரிகாரம் உண்டா என்று கேட்டால், உண்டு. ஆனால் அது கிளிக்கு இல்லை, எங்களுக்கு. எஸ்டேட்டில் பாதி வீட்டில் கிளிக்குத் தட்டு வைக்கிறார்கள். பஞ்சாபிப் பக்கத்து வீட்டில் ரொட்டித் துண்டு. ஆந்திராக்காரர் வீட்டில் வேர்க்கடலை. எங்கள் தமிழ் வீடுகளில் அமாவாசைக்குக் காக்கைச் சோறு. அண்டங்காக்கை வரும் வரை யார் காத்திருப்பது? லோரிகீட் வந்து தின்றுவிட்டுப் போகும். முன்னோர்கள் இந்த ஊருக்கு வந்து கலர் சட்டை போட்டுக்கொண்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தேன் குடிக்கிற குடலுக்குச் சோறும் ரொட்டியும் சர்க்கரைத் தண்ணீரும் ஆகாது. அதைவிட மோசம், பத்துக் குடும்பத்துக் கிளிகள் ஒரே தட்டில் வாயை வைப்பது. நோயை வீடு வீடாகச் சேர்ப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆகவே பலன் கேட்டு வருகிறவர்களிடம் தேரடி ஜோசியரைவிடக் கறாராகப் பரிகாரம் சொல்கிறேன்: தட்டை எடு. புண்ணியம் வேண்டுமானால் ஒரு பூமரம் நடு. தண்ணீர் மட்டும் வை, அதையும் தினம் தேய்த்துக் கழுவு.

“பறவைக்குச் சோறு வைக்கக் கூடாது என்று ஒருவர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறார்” என்று குருத்வாராவில் பேச்சாம். புண்ணியத்தைக் கெடுக்கிறவன் என்று ஒரு பெயரும் சேர்ந்துவிட்டது. தோப்பில் டின் தட்டிக் கிளி விரட்டியபோது எங்களை யாரும் பாவி என்று சொன்னதில்லை.

தனி மனிதர்தான் ஜோசியம் சொல்ல வேண்டும் என்றில்லை, அரசாங்கமும் சொல்லும். இந்தச் சமவெளியின் பழைய புல்வெளியில் மிஞ்சியிருப்பது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. ட்ருகனினாவில் அதில் ஒரு துண்டு எங்கே பிழைத்தது என்றால் பழைய கல்லறைத் தோட்டத்தில்: செத்தவர்களின் மேல் யாரும் ஏர் ஓட்டவில்லை. நகரம் மேற்கே விரிய அனுமதி கொடுத்தபோது, அதற்கு ஈடாக 15,000 ஹெக்டேர் புல்வெளியை வாங்கிக் காப்பகமாக்குவோம் என்று 2010-இல் விக்டோரியா அரசு பலன் சொன்னது. கெடு 2020. அந்த வருஷம் மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் சீட்டைப் பிரித்துப் பார்த்தார்: வாங்கியிருந்தது சுமார் பத்தில் ஒரு பங்கு. இந்த ஜோசியருக்கு மட்டும் வனத்துறை வரவில்லை.

ரெட்-ரம்புக்குப் புல்விதை போதாது. குஞ்சு பொரிக்க மரப்பொந்தும் வேண்டும். யூகலிப்டஸ் மரத்தில் பொந்து விழ நூறு வருஷம், சில சமயம் அதற்கும் மேலே. எங்கள் எஸ்டேட் மரங்களுக்கு வயது வீட்டுக் கடனின் வயதுதான். ஓடைக்கரையில் நிற்கும் கிழட்டு யூகலிப்டஸ் மரங்களை நம்பித்தான் இவ்வளவு கிளியும் குடும்பம் நடத்துகிறது. பொந்து வாடகைக்குக் கிடைக்காத ஊரில் புதிதாகப் பிறக்கிறவைகளின் மூக்கு கறுப்பா சிவப்பா என்பது பெரிய விசாரணையே இல்லை.

போன வாரம் பஞ்சாபிப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் மனைவி தட்டை எடுத்துவிட்டு ஒரு கிரெவில்லியாப் பூச்செடி நட்டிருக்கிறாராம். அதற்கு நன்றி சொன்னேன். போகாமல் நின்றார். பின்பக்க வேலிக்கு அப்பால் கிடக்கும் காலி நிலத்தைக் காட்டினார். காய்ந்த புல்லில் ரெட்-ரம்ப் கூட்டம் ஒன்று, பெரிதும் சிறிதுமாக, மேய்ந்துகொண்டிருந்தது.

“அங்கிள் ஜி, நீங்கள் சொன்னதெல்லாம் நடக்கிறது. ஒன்று கேட்கவா? அந்த நிலத்தில் அடுத்த ஸ்டேஜ் எப்போது வரும்? தம்பிக்கு ஒரு பிளாட் போட்டு வைக்கலாமா, விலை ஏறுமா?”

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் சீட்டு எடுப்பதில்லை. அவருடைய தம்பிக்கு முருகன் வந்தால் புல்லில் மேய்கிறவைகளுக்குச் சனீஸ்வரன். ஒரே சீட்டில் இரண்டு பேருக்கும் நல்ல பலன் சொல்லும் ஜோசியர் யாரையும் எனக்குத் தெரியாது என்றேன். அவர் சிரித்தார். பிறகு போனை எடுத்து ஏஜென்ட் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.